பாலத்துல ரெண்டு கல்யாண வேன்

போனை மொதல்ல அந்த டேங்க் சுவர் மேல வை, கௌசி. கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னா போனும் சேந்து வேர்த்துப்போகும். இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. பதினொரு மணின்னு மெயில்ல போட்டிருந்தா அவங்க பதினொண்ணு அஞ்சுக்குத்தான் கூப்பிடுவாங்க. உக்காரு. காயப்போட்ட அந்த நைட்டியைத் தள்ளிவிட்டுட்டு நெழல்ல உக்காரு. இந்த ஹாஸ்டல்லயே சிக்னல் ஒழுங்கா வார எடம் இந்த மொட்டை மாடி ஒண்ணுதான். பதினொரு பிள்ளைகளுக்கு வேலை கெடச்ச எடமாக்கும் இது. சிரிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன்.

பேசுதேன்னு நேத்து சொன்னேன், இல்லேங்கலை. உன் பேரைச் சொல்லி, உன் காலேஜைச் சொல்லி, அவங்க கேக்குத கேள்விக்கெல்லாம் உனக்குப் பதிலா நான் பதில் சொல்லுதேன்னு சொன்னேன். இப்பல்லாம் வீடியோல முகத்தைப் பாத்துத்தான் கேக்காங்களாம், இவங்க மொத ரவுண்டு மட்டும் இன்னும் போன்லதான்னு நீ சொன்னதும் சரின்னேன். ஆனா காலையில நீ மெயிலைக் காட்டினே பாரு. இன்டர்வியூ எடுக்குத ஆளு பேரு கீழ போட்டிருந்துச்சே, ஹெலன் பிரமிளான்னு. அதைப் பாத்ததுல இருந்து ஒரு வாய் இட்லி எறங்கலை. வேணாம் ட்டி. நீயே பேசிரு.

ட்டி போடுதேன்னு கோவிச்சுக்காத. நீ தர்மபுரிக்காரி, உங்க ஊர்ல எப்படின்னு தெரியாது. எங்க திருநெல்வேலிப் பக்கம் ஆசையாக் கூப்பிடுதது அப்படித்தான்.

ஏன்னு கேக்குதே. அவளுக்கு என் குரல் தெரியும். அவ்வளவுதான். ஊர்ல வேற யாரு கேட்டாலும் தெரியாது, அவ கேட்டா தெரிஞ்சுபோகும். ஹலோன்னு ஒரு வார்த்தை போதும். தெரிஞ்சா உன் வேலை போச்சு, உன் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுருவாங்க, அப்புறம் நீ இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. அதான் வேணாங்கேன். அவளுக்கு என்னை எப்படித் தெரியும்ங்கிறதைச் சொல்லுதேன், கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு.

எட்டு வருஷம் முன்னால நான் இந்த ஹாஸ்டலுக்கு வந்தேன். எம்.சி.ஏ. எண்பத்தொரு சதவீதம். பாளையங்கோட்டையில எங்க காலேஜ் லேபுல, மத்த பிள்ளைகளுக்குப் புரோகிராம் ஓடலேன்னா, வாத்தியாரைக் கூப்பிட மாட்டாங்க, இசக்கியத்தான் கூப்பிடுவாங்க. ஏ இசக்கி, இங்கன வந்து பாரேன்னு. நான் போயி பின்னால நின்னு பாத்தாலே எங்க தப்புன்னு தெரியும். பீத்திக்கிடலை. எனக்கு அது ஒண்ணுதான் வரும், வேற எதுவும் வராது, கோலம் போட்டா கோணும்.

ஆனா ப்ளஸ் டூல ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. பரீட்சை நேரம் பாத்து மஞ்சக்காமாலை. கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சுட்டுப் போயி எழுதினேன், கேள்வித்தாள் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. பாஸானதே பெரிய காரியம். ஆனா உனக்குத்தான் தெரியுமே, இந்தக் கம்பெனிகள் என்ன கேக்கும்? பத்தாவது, ப்ளஸ் டூ, காலேஜ், மூணுலயும் அறுபதுக்கு மேல இருக்கணும். ஒண்ணுல கொறஞ்சாலும் வாசல்லயே நிறுத்திரும். ஆளு யாரும் நிறுத்த மாட்டாங்க, அந்தப் படிவம் நிறுத்தும். எல்லாத்தையும் நிரப்பிட்டு ஐம்பத்தெட்டு புள்ளி ஏழுன்னு அடிச்சேன்னு வை, கீழ அந்த அனுப்புத பட்டன் நீலமா மாறவே மாறாது. சாம்பலாவே கெடக்கும். நானும் தட்டித் தட்டிப் பாப்பேன். அந்தச் சவத்தைத் தட்டுத தட்டுல மவுசே ஒடஞ்சுபோச்சு ஒரு தடவை. ஒருத்தனாவது உனக்கு என்னம்மா தெரியும்னு கேட்டிருந்தா மனசு ஆறிருக்கும். கேக்கவே இல்லையே.

பிரமிளா என் ரூம்தான். கட்டிலும் பக்கத்துக் கட்டில். நாசரேத் பிள்ளை, நல்ல பிள்ளை. மூணுலயும் எண்பதுக்கு மேல. மனப்பாடம் பண்ணுனா அச்சடிச்ச மாதிரி ஒப்பிப்பா. ஆனா ஒரு புரோகிராம் சொந்தமா எழுதுன்னா கண்ணுல தண்ணி வந்துரும். அவளுக்குக் கம்பெனிகள்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, போன்ல ரெண்டாவது கேள்விக்கே திக்கி நிப்பா. ஆறு இடத்துல தோத்தா. ஏழாவது கால் வருதன்னைக்கு இந்த டேங்க் பக்கத்துலதான், நீ இப்ப உக்காந்திருக்கே பாரு, அதே இடத்துல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதா. எனக்குத் தாங்கலை. அவகிட்ட மார்க் இருக்கு, என்கிட்ட பதில் இருக்கு. கொண்டா போனை, நான் பேசுதேன்னேன்.

யாரும் யோசிச்செல்லாம் பண்ணலை. போன் அடிச்சுது, நான் எடுத்தேன். ஹெலன் பிரமிளா ஸ்பீக்கிங்னேன். நாக்கு கூசலை. சொல்லப்போனா என் பேரைச் சொல்லுததை விட லேசா இருந்துச்சு. இசக்கியம்மாள்னு சொன்னா இங்க பாதிப் பேரு திரும்பக் கேப்பாங்கள்லா? இது சொன்ன உடனே சரின்னுட்டாங்க.

அந்தப் பக்கம் பேசினவர் பேரு ரகோத்தமன். குரல்லயே நல்ல மனுசன்னு தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா கேட்டார், ஒவ்வொண்ணா சொன்னேன். கடைசில டெட்லாக்னா என்னன்னார். உனக்குப் புத்தகத்துல இருக்குதது தெரியும், ரெண்டு புரோகிராம் ஒண்ணோட வழியை ஒண்ணு மறிச்சுக்கிட்டு ரெண்டும் நகராம நிக்கிதது. அதைச் சொன்னேன். புத்தகத்துல இருக்குதது வேணாம்மா, உங்க வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கன்னார்.

எனக்கு எங்க சித்தி கல்யாணம்தான் ஞாபகம் வந்துச்சு. வீரவநல்லூருக்கு உள்ளால எங்க ஊரு. வாய்க்கா மேல ஒரு பாலம், ஒரு வண்டிதான் போலாம். சித்தியை அழைச்சுக்கிட்டு நாங்க வேன்ல இந்தப் பக்கம் ஏறுதோம், அந்தப் பக்கம் இன்னொரு கல்யாண வேன் ஏறிருச்சு. நடுவுல முட்டிக்கிட்டு நிக்கி. ரெண்டுலயும் பொண்ணு, ரெண்டுலயும் முகூர்த்தம். கல்யாண வேனைப் பின்னால எடுக்கக் கூடாதாம்லா, சகுனம் ஆகாதாம். அவங்களும் எடுக்க மாட்டேங்காங்க, எங்க மாமாவும் எடுக்க மாட்டேங்கார். ரெண்டு டிரைவரும் வண்டியை அணைச்சுட்டு எறங்கி பீடி பத்தவச்சுட்டாங்க. முகூர்த்தம் ஓடிக்கிட்டு இருக்கு. சார், இதுதான் டெட்லாக்னேன்.

அந்த மனுசன் சிரிச்சார் பாரு, போன் அதிந்துச்சு. அப்போ எப்படிம்மா தீந்துச்சுன்னார். யாராவது ஒருத்தர் பின்னால போகணும் சார், பாலத்துல யாரு கொஞ்ச தூரம் வந்திருக்காங்களோ அவங்க போகணும், அவங்களுக்குத்தான் நட்டம் கம்மி, கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஒண்ணைப் பாத்துப் பின்னால தள்ளும்னேன். எங்க வேன்தான் கொஞ்ச தூரம் வந்திருந்துச்சு. எங்க சித்தி பாலம் எறங்குத வரைக்கும் அழுதா. அதை அவர்கிட்டச் சொல்லலை.

வேலை கெடச்சுருச்சு. நேர்ல பேருக்கு ஒரு ரவுண்டு, உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேப்பாங்களே, அதுக்கு அவளே போயிட்டா. அது மனப்பாடம்தானே. சேந்த மொத நாளு ரகோத்தமன் சார், போன்ல உங்க குரல் வேற மாதிரி இருந்துச்சேன்னாராம். இவ அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் சார்னாளாம். வந்து சொல்லிட்டு ரெண்டு பேரும் கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சோம். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் காதுல கெடக்கு.

அவ அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா, ஏட்டி இசக்கி, நான் உள்ள போயிட்டேன்லா, ரெண்டு வருஷம் பொறு, உன்னை நான் உள்ள இழுத்துருவேன்னு. எங்கயாவது ரெண்டு வருஷம் வேலை பாத்திருந்து, உள்ள இருக்குத ஆளு ஒருத்தரு பேரு குடுத்தா, அந்தக் கம்பெனியில ப்ளஸ் டூ மார்க்கைப் பாக்க மாட்டாங்களாம். அதுக்காகத்தான் நான் இந்த மாம்பலம் கம்பெனியில சேந்தேன். இப்ப இருக்கேனே, அதே கம்பெனிதான். மருந்துக்கடை, பாத்திரக்கடைக்குப் பில் போடுத சாஃப்ட்வேர் எழுதுவோம். நாலே பேரு. ரெண்டு வருஷத்துக்குன்னு சேந்தேன், எட்டு ஆச்சு.

உள்ள போனாளே தவிர அங்க வேலை பாக்கணும்லா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்பெனி கேப்ல வந்து எறங்குவா, முகம் கழுவுவா, என் கட்டில்ல உக்காந்து இன்னைக்கு இதைக் குடுத்திருக்காங்க ட்டிம்பா. அங்க இருந்து எதையும் வெளிய கொண்டுவரக் கூடாது. அதனால வாயாலதான் சொல்லுவா. நான் ஒரு நோட்டுல எழுதிக் குடுப்பேன். அவ அதை அச்சடிச்ச மாதிரி மனப்பாடம் பண்ணிட்டுப் போயி காலையில அங்க அடிப்பா. ரெண்டு வருஷம், கௌசி. பதினேழு நோட்டு. நடுவுல சிக்கிக்கிட்டான்னா பகல்லயே போன் பண்ணுவா. அவ ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு கேப்பா, நான் ஏதாவது மருந்துக்கடையில பில் மிஷின் முன்னால நின்னு சொல்லுவேன். பேச்சு பாதியில தண்ணி ஊத்துத சத்தம் கேட்டா யாரோ வந்துட்டாங்கன்னு அர்த்தம், நான் வச்சுருவேன். கடைக்காரர் என்னைக் கிறுக்கியப் பாக்குத மாதிரி பாப்பார்.

எனக்கு அது பாரமாவே தெரியலை. நெசமாச் சொல்லுதேன். மருந்துக்கடை பில்லுல என்ன இருக்கு, கூட்டணும், கழிக்கணும். அவ கொண்டுவருததுதான் வேலை. எங்கயோ ஒரு வெளிநாட்டு ஏர்லைன்ஸ், ஒரே சீட்டை ரெண்டு பேருக்குக் குடுத்துருதாம், ஏன்னு கண்டுபிடிக்கணும். மூணு நாள் பேருந்துல போகயில வரயில அதே நெனப்பு. மூணாம் நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால பிடிபட்டுச்சு, கையைக் கழுவாம ஓடுனேன் நோட்டை எடுக்க. எங்கயோ ஒருத்தன் சீட்டுக்குச் சண்டை போடாம ஏறி உக்காந்தா அதுக்கு நான் காரணம். அவனுக்குத் தெரியாட்டா என்ன, எனக்குத் தெரியும்லா.

அதுக்கு அவளுக்கு ஒரு கண்ணாடி ஷீல்டு குடுத்தாங்க. கொண்டுவந்து நேரா என் அலமாரியில வச்சா. இது உன்னோடது ட்டின்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. காலையில எந்திரிச்சதும் அதைத்தான் பாப்பேன். ஹெலன் பிரமிளான்னு பேரு போட்டிருக்கும், இருக்கட்டும். அப்புறம் ஹாஸ்டலை விட்டுப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டா. அவங்கம்மா பாக்கணும்னு கேட்டாங்களாம். பெத்தவங்க கேட்டா குடுக்காம முடியுமா?

ரெண்டு வருஷம் முடிஞ்சுது. இப்ப ஆளு எடுக்கலை ட்டின்னா. சரி. அடுத்து, கம்ப்யூட்டர்ல பேரு குடுக்குத பக்கம் வேலை செய்யலைன்னா. சரி. அதுக்கடுத்து, ப்ராஜெக்ட் முடியட்டும், உனக்குன்னு கேட்டா சார் டென்ஷன் ஆயிருவார்னா. அதும் சரிதானே. அவசரப்பட்டு எதையும் கெடுத்துறக் கூடாது. கடைசியில ஒருநா நானே வெக்கத்தை விட்டு, ஏட்டி, எனக்கு இருபத்தேழு ஆகப்போகுதுன்னேன். அந்த வாரமே பேரு குடுத்துட்டா. பாத்தியா, நான் மொதல்லயே அழுத்திக் கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பா. தப்பு என் மேலதான்.

மெயில் வந்துச்சு. என் பேருக்கு, இசக்கியம்மாள்னு போட்டு. நான் அதைப் பிரிண்ட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்னா பாத்துக்கோயேன். இன்டர்வியூ எடுக்குத ஆளுன்னு கீழ பேரு பாத்தேன். ரகோத்தமன்.

என்ன மூஞ்சியை அப்படி வெக்கே? அங்க இன்டர்வியூ எடுக்க அம்பது பேரு இருக்காங்கதான். பிரமிளாதான் அவரைப் போடச் சொல்லிருக்கா. தெரிஞ்ச மனுசன்னா எனக்குக் கஷ்டம் குடுக்க மாட்டார்னு நெனச்சிருக்கா. மொத நாளு சாயங்காலம் கீழ சாப்பாட்டு ரூம்ல என் பக்கத்துல வந்து உக்காந்தா. சாப்பாட்டைத் தொடலை. இசக்கி, அந்தக் கல்யாண வேன் கதையை மட்டும் சொல்லிராத ட்டின்னா. அதை அவர் எல்லா மீட்டிங்லயும் சொல்லுதார், புதுசா வாற பிள்ளைகளுக்கெல்லாம் பிரமிளாவோட உதாரணம்னு சொல்லித் தாரார், நீயும் அதையே சொன்னா பிடிச்சுருவார். குரலையும் கொஞ்சம் மாத்திக்கோ. சரளமாப் பேசாத, நீ பேசுத வேகத்துலயே கண்டுபிடிச்சுருவார். எங்க வீட்டுல எங்கப்பாவுக்கு முடியலைன்னு உனக்குத் தெரியும்லான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சோத்துத் தட்டுல கண்ணீர் விழுது. நான் என்ன சொல்லுவேன்? அழாத ட்டி, நான் பாத்துக்கிடுதேன்னேன்.

இதே இடம். இதே டேங்க். என் பேர்ல மொத போன். ரகோத்தமன் சார் எடுத்த உடனே என்ன சொன்னார் தெரியுமா? பிரமிளா உங்களைப் பத்திச் சொன்னாங்கம்மா, டெக்னிக்கல்ல நீங்க கொஞ்சம் வீக்குன்னாங்க, பரவால்ல, நான் லேசாவே கேக்குதேன்னார்.

ஏட்டி, நீ ஏன் உதட்டைக் கடிக்கே? அது அவ என் நல்லதுக்குத்தான் சொல்லிருக்கா. அப்படிச் சொன்னாத்தானே லேசாக் கேப்பார்.

லேசாத்தான் கேட்டார். அதுதான் கொடுமை. தெரியாத கேள்வியா இருந்தா தெரியாதுன்னுட்டுப் போயிரலாம். எல்லாம் தெரிஞ்ச கேள்வி. குரலை மாத்திக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி, சரியான பதிலைக் கையில வச்சுக்கிட்டே அரைகுறையாச் சொல்லுதேன். நீ பசியோட இருக்கயில முன்னால சாப்பாட்டை வச்சுட்டுப் பசிக்கலைன்னு சொல்லிருக்கியா? அப்படி இருந்துச்சு எனக்கு. அப்புறம் டெட்லாக் கேட்டார். புத்தகத்துல இருக்குததைச் சொன்னேன். ஒரு உதாரணம் சொல்லுங்களேன்னார்.

எனக்கு வேற உதாரணமே வரலை, கௌசி. எவ்வளவோ இருக்கும்லா? ஒத்தைக் குழாயில ரெண்டு கொடம், எதையாவது சொல்லிருக்கலாம்லா? மண்டைக்குள்ள அந்த ரெண்டு வேன்தான் முட்டிக்கிட்டு நிக்கி. சொன்னா அவ கீழ விழுவா. சொல்லாட்டா நான். அவ பாலத்துல ரெண்டு வருஷம் வந்துட்டா, நான் இப்பத்தான் சக்கரத்தை ஏத்தியிருக்கேன். யாருக்கு நட்டம் கம்மி, நீயே சொல்லு. தெரியலை சார்னேன்.

ரொம்பப் பரிவா, பரவால்லம்மா, அடிப்படையை நல்லாப் படிங்க, உங்க ஃப்ரெண்டு பிரமிளா இதுக்கு அருமையா ஒரு உதாரணம் சொல்லுவாங்க, ரெண்டு கல்யாண வேன்னு, அவங்ககிட்டக் கேட்டுக் கத்துக்கிடுங்கன்னார்.

சரி சார்னேன். வேற என்ன சொல்ல? சரி சார், கேட்டுக்கிடுதேன் சார்னேன்.

இரு. ஒண்ணுமில்ல, தூசி. இந்த மாடியில எப்பவும் தூசி.

அவ அன்னைக்கு எனக்கு ஒரு சுடிதார் துணி வாங்கிட்டு வந்தா, கிளிப்பச்சை. கட்டிப்பிடிச்சுக்கிட்டா. அடுத்த தடவை பாத்துக்கலாம் ட்டின்னா. அந்தத் துணியை நான் இன்னும் தைக்கக் குடுக்கலை. மூணு மாசத்துல கூட வேலை பாக்குத பிள்ளைகளோட வீடெடுத்துப் போயிட்டா. அப்புறம் ஹாலந்துக்கு அனுப்பினாங்க. அங்க இருந்தும் கொஞ்ச நாளு தெனமும் கேட்டா, நானும் சொன்னேன். பாவம், அந்நிய தேசத்துல அவளுக்கு யாரு இருக்கா? பெறகு வாரத்துக்கு ஒண்ணு. பெறகு அவளுக்குக் கீழயே ஆறேழு பேரு வந்துட்டாங்க, எழுத வேண்டிய வேலை இல்லை, எழுதச் சொல்லுத வேலை. எனக்குப் போன் வாறது நின்னுபோச்சு. கடைசியா அவ குரலைக் கேட்டது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம். பொறந்தநாளுக்கு மெசேஜ் போட்டேன், பாத்துட்டா, ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு. பிஸியா இருப்பா.

நானும் வேற இடத்துல முயற்சி பண்ணாம இல்லை. ரெண்டு இடத்துல போன் வரைக்கும் வந்துச்சு. ஆனா என்னன்னு தெரியலை கௌசி, என் பேரைச் சொல்லி ஆரம்பிச்சா இப்ப எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுது. பதில் வாய் வரைக்கும் வந்து நிக்கி, வெளிய வரமாட்டேங்கு. மத்த பிள்ளைகளுக்குன்னா கடகடன்னு வருது. அதான் பேசுதேன். வேற எங்க போயி பேச?

கோவமான்னு கேக்குதியா? கோவம் இல்லை. கோவம் வந்தா நல்லாருக்கும். எனக்கு அவளைத் தேடுது ட்டி. அதுதான் விசயம். அந்த ஏழு மணி கேப் சத்தம் தேடுது. இப்பவும் ஏழு மணிக்குக் கீழ வண்டி நின்னா நான் நோட்டை எடுத்துருதேன். அந்த வேலையில சேந்திருந்தாக்கூட இவ்வளவு சந்தோசமா இருந்திருப்பேனோ என்னவோ. ஒரே ஒரு ஆசைதான். ஏட்டி இசக்கின்னு அவ வாயால ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும்.

மணி என்ன? பத்து அம்பத்தெட்டா?

நீ பேசினா ரெண்டாவது கேள்விக்கு மேல தாங்க மாட்டே, எனக்குத் தெரியும். உங்க வீட்டுல இந்த மாசத்தோட வந்துரச் சொல்லிட்டாங்கன்னு வேற சொல்லுதே. சரி, இப்படிப் பண்ணுவோம். நான் ஹலோ மட்டும் சொல்லுதேன். அவ கண்டுபிடிச்சுட்டான்னா உன்னை ஒண்ணும் பண்ண வேணாம்னு நான் கெஞ்சிக்கிடுதேன். கேப்பா, நான் சொன்னா கேப்பா. கண்டுபிடிக்கலைன்னா மேல பேசுதேன். வேன் கதையைச் சொல்ல மாட்டேன், சத்தியம். அழாத. அழுதா மூக்கு சத்தம் அங்க கேக்கும்.

அடிக்குது பாரு. கொண்டா.

ஹலோ. யெஸ் மேடம். கௌசிகா ஸ்பீக்கிங்.

*

தண்ணி இருக்கா? குடு. நெஞ்சு காஞ்சுபோச்சு.

உனக்குக் கெடச்சுருச்சு ட்டி. திங்கக்கெழமை கூப்பிடுவாங்களாம், நேர்ல ஒரு தடவை போகணும், அது சும்மா. ஏன் இப்படி முழிக்கே, சிரியேன். கெடச்சுருச்சுங்கேன்.

நீ என் பக்கம் பேசினதைத்தான் கேட்டே. அவ என்ன கேட்டான்னா கேக்குதே? அதே குரல்தான். இங்கிலீஷ் கொஞ்சம் மாறிருக்கு, ஒவ்வொரு வாக்கியத்தையும் மேல தூக்கி முடிக்கா. நான் ஹலோன்னதும் நின்னேன். கூப்பிடுவான்னு நின்னேன். உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னா. சரி, ஒரு வார்த்தையில எப்படித் தெரியும்னு நெனச்சேன். சொன்னேன். கேள்வி கேட்டா. ஒவ்வொண்ணும் நான் அந்தக் கட்டில்ல உக்காந்து அவளுக்குச் சொல்லிக் குடுத்த கேள்வி ட்டி. அந்த ஏர்லைன்ஸ் சீட்டைக்கூடக் கேட்டா, நீங்களா இருந்தா எப்படிச் சரி பண்ணுவீங்கன்னு. அன்னைக்கு நோட்டுல எழுதின மாதிரியே வரி வரியாச் சொன்னேன். அப்பவும் ஒண்ணும் சொல்லலை. குட், குட்டுன்னா.

அப்புறம் டெட்லாக். உதாரணம்னா. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், உன் மேல சத்தியமா. உன் வேலையைப் பணயம் வச்சுட்டேன், என்னை மன்னிச்சுரு. வாய் தானா வந்துருச்சு. எங்க ஊர்ல ஒரு வாய்க்காப் பாலம் மேடம்னேன். ரெண்டு கல்யாண வேன்னேன். பின்னால எடுத்தா சகுனம் ஆகாதுன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணுல தண்ணி. அவ சத்தமே காணும். மூச்சு மட்டும் கேக்குது. இப்பக் கூப்பிட்டுருவா, இப்பக் கூப்பிட்டுருவான்னு போனைக் காதுல அழுத்திப் பிடிச்சேன், நீ பாத்தேலா?

அது என்னோட உதாரணமாச்சே, நீங்க எங்க கேட்டீங்கன்னா.

சந்தோசமாக் கேட்டா, கௌசி. அதட்டிக் கேக்கலை. தன்னோட பிள்ளையை யாரோ நல்லாருக்குன்னு சொன்னா சிரிப்போம்லா, அப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கேட்டா.

ஆமா மேடம், உங்களோடதுதான்னேன். உங்க கம்பெனியில இருக்குத ஒரு அக்கா சொல்லித் தந்தாங்கன்னேன். வெரி குட்டுன்னுட்டு வச்சுட்டா.

நீ ஏன் அழுதே இப்ப? வேலை கெடச்ச பிள்ளை அழலாமா? போயி வீட்டுக்குப் போன் பண்ணு. அவ மேல தப்பில்லை. இந்த டேங்க் பக்கத்துல வச்சுப் பேசினது என் தப்பு. பின்ன, தண்ணி மோட்டார் அந்த ஓட்டம் ஓடுனா யாருக்குக் குரல் தெரியும்? எந்த மூதேவி பதினொரு மணிக்கு மோட்டாரைப் போட்டான்னு கேக்கணும். அது மட்டும் ஓடாம இருந்திருந்தா அவ ஹலோவுலயே பிடிச்சிருப்பா.

என்ன ட்டி அப்படிப் பாக்குதே? மோட்டார் ஓடுச்சுலா?